நல்லாப் பேசின மாசம்

பேச்சிமுத்து செத்த அன்று, செங்கரைக்குளம் மயானத்தில் சிதை இன்னும் புகைந்துகொண்டிருந்த நேரத்தில், ராத்திரி எட்டரை மணிக்கு அவர் வழக்கம்போல உள்ளூர் டிவியில் வந்தார். அதே காப்பி நிறக் கோட்டு, அதே மேசை, மேசைமேல் இத்தனை வருடமாக அவர் ஒரு மிடறுகூடக் குடிக்காத அதே கண்ணாடித் தம்ளர் தண்ணீர். துக்க வீட்டில் யாரோ பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். கூடத்தில் இருந்த பெண்கள் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு திரும்பி உட்கார்ந்தார்கள், பந்தலில் இருந்த ஆண்கள் ஜன்னலோரம் வந்து நின்றார்கள்.

“என்னத் தூக்கிட்டுப் போன நாலு பேருல,” என்று பேச்சிமுத்து ஆரம்பித்தார், “மூணு பேரு நல்ல உசரம். நாலாவது எங்க மச்சினன். வழி பூரா நான் ஒருபக்கமாச் சரிஞ்சே போனேன். நேரா மேல போக வேண்டியவன வடக்குத் தெருப் பக்கமாத் திருப்பி விட்டுட்டான்.”

மச்சினன் வாசலில்தான் நின்றிருந்தான். முதலில் சிரித்தது அவன். அப்புறம் பந்தல் சிரித்தது, அப்புறம் கூடம்.

“எங்க வீட்டுக்காரி அழுதாளான்னு கேக்காதீங்க. அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. அந்த மூஞ்சிய அப்படியே மடிச்சு பீரோவுல வச்சிருக்கா, அடுத்த விசேஷத்துக்கு.”

அவர் மனைவி உலகம்மாள் சுவரில் சாய்ந்து அப்படியே இருந்தாள். மத்தியானத்திலிருந்து தொண்டைக்குள் ஏறிக்கொண்டிருந்த அழுகை, இவ்வளவு பேர் சிரிக்கிற இடத்தில் தனக்கென்ன வேலை என்று நினைத்ததுபோலத் திரும்பிக் கீழே இறங்கிப் போய்விட்டது.

செத்தவர் பேசுவதைப் பற்றி ஊரில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. விவாதம் நடந்தது, திரையின் மூலையில் ‘நேரலை’ என்று போடலாமா என்பதைப் பற்றி. உள்ளூர் கேபிள் சேனலை நடத்திவந்த கோமதிநாயகம், நாளைக்கு யாரும் கேள்வி கேட்டுவிடக்கூடாதே என்று அந்தச் சொல்லை எடுத்துவிட நினைத்தார். டீக்கடை பெஞ்சில் வீற்றிருந்த ஆவுடையப்பன், கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர், எந்த விஷயத்தையும் இலக்கணத்தில் ஆரம்பிக்காமல் பேசத் தெரியாதவர், தீர்ப்புச் சொன்னார்: “ஆள் நேரில் இல்லை. ஆனால் பேச்சு இந்த நேரத்தில்தான் நடக்கிறது. நிகழ்காலம். நேரலை என்பது ஆளுக்கான சொல் இல்லைவே, பேச்சுக்கான சொல்.” சொல் இருந்த இடத்திலேயே இருந்தது.

சேனலின் ஸ்டூடியோ ஒரு பழைய தீப்பெட்டி குடோன். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு வெறும் நாற்காலிதான் தெரிந்தது. கேமராவை அதன் பக்கம் திருப்பினால் எதிரே வைத்திருந்த டிவியில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். மேக்கப்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டே நாற்காலிக்கு மேலே காற்றில் பவுடர் போட்டார். கூட்டம் நாற்காலியைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக் கைதட்டியது. இரண்டொரு வாரத்தில் எல்லாருக்கும் இது பழகிப்போய், வெறும் நாற்காலியின் முன்னால் குறுக்கே போக நேர்ந்தவர்கள் குனிந்து, “மன்னிக்கணும் அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். போனில் கூப்பிட்டு, “எங்க அப்பா அங்க எப்படி இருக்காரு?” என்று கேட்டார்கள். “ஆள் அங்கயும் எந்திரிக்கல தம்பி, இன்னும் தூங்குதாரு,” என்று அவர் சொன்னால், அது அப்பாதான் என்று அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பட்டிமன்றத்தில், நிம்மதியானவர் வாடகை வீட்டுக்காரரா சொந்த வீட்டுக்காரரா என்று இரண்டு அணியும் தொண்டை கிழியப் பேசி முடித்ததும், “ரெண்டையும் காலி பண்ணினவன் நாந்தான். நிம்மதியும் எனக்கே,” என்று நடுவர் பேச்சிமுத்து தீர்ப்பளித்தார். குடோன் தகரம் அதிர்ந்தது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் எட்டரைக்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள்.

எதிர்வீட்டு ஜெபராணி, அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். ஆனால் எதற்கு ஆறுதல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. “ஒங்களுக்கென்னக்கா,” என்றாள். “டான்னு எட்டரைக்கு வந்திருதாரு. எங்க வீட்டுக்காரர் உசுரோடதான் இருக்காரு, எட்டரைக்கு எங்க இருப்பாருன்னு எனக்கே தெரியாது.”

உலகம்மாளின் முகம் எதையும் சொல்லிப் பழகாத முகம்.

அந்த முகத்துக்கு ஒரு கதை உண்டு. நிகழ்ச்சி தொடங்கிய புதிதில், நகராட்சியைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் பேச்சிமுத்து சொன்ன ஜோக்குகள் நொண்டிக்கொண்டுதான் நடந்தன. ஒருநாள், சொல்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு நிமிடத்தை நிரப்புவதற்காக, “நான் பேசினா ஊரே சிரிக்குது, எங்க வீட்டுல மட்டும் கடையடைப்பு,” என்றார். அதற்கு முன்பும் பின்பும் செங்கரைக்குளம் அப்படிச் சிரித்ததில்லை. மறுநாள் கடைத்தெருவில் ஆளுக்காள் உலகம்மாளை நிறுத்தி, “மெய்தானா?” என்று கேட்டார்கள். ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “உலகு, இனி நீ சிரிச்சிராத. அதுதான் நம்ம கஞ்சி,” என்றார். வெளியே நாலு பேர் முன்னால் சிரிக்காதே என்றுதான் அவர் சொன்னார். அவள்தான் அதை முழுசாக எடுத்துக்கொண்டாள். ஒரு தடவை அவர் காதில் தன் சிரிப்பு விழுந்துவிட்டால், மறுநாள் அந்த மேசையில் உட்கார்ந்து என் பெண்டாட்டி சிரிக்க மாட்டாள் என்று சொல்லும்போது அவர் நாக்கு தடுமாறும், பொய்யை வைத்துக்கொண்டு ஜோக் சொல்ல வராது அவருக்கு, என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து ரேஷன் கடை வரிசையில் சின்னப் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கண்ணை மாறுகண்ணாக்கிக் காட்டினார்கள், கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைத் தோழர்கள் பந்தயம் கட்டி வந்து ஜோக் சொன்னார்கள், கோயில் பூசாரிகூடத் திருநீறு கொடுக்கும்போது ஒரு சின்னக் கதையைச் சொல்லிப் பார்த்தார். உலகம்மாள் உதட்டை அசைக்கவில்லை.

காலையில் மட்டும் சிரமப்பட்டாள். பேச்சிமுத்துவுக்கு ஒரு வழக்கம். அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, அன்றைக்கு மேசையில் சொல்லப்போவதையெல்லாம் யாரிடமும் இல்லாமல் சொல்லிப் பார்ப்பார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் பாத்திரம் விளக்குவாள். சிரிப்பு வந்துவிட்டால், வந்துவிட்டது என்று தோள் குலுங்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே, கை நீண்டு குழாயை முழுசாகத் திறந்துவிடும். தண்ணீர் ஓவென்று பாத்திரத்தில் விழும் இரைச்சலுக்குள் முகத்தைக் குனிந்து அவள் சிரித்து முடிப்பாள். முடித்து, குழாயை மூடி, கண்ணைத் துடைத்து, அந்தப் பழைய முகத்தை மாட்டிக்கொண்டு திரும்புவாள். அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியாது என்றுதான் அவள் இத்தனை காலமும் நம்பினாள்.

அவர் சொன்ன ஜோக்குகளில் ஒன்றே ஒன்று ஒருநாளும் எடுபட்டதில்லை. “தண்ணி மீட்டர் பார்க்க வந்தவரு கேட்டாரு: வீட்டுல எத்தன பேரு? ரெண்டு பேரு சார். ரெண்டு பேருக்கா இவ்வளவு தண்ணி? நான் சொன்னேன்: அது நான் நல்லாப் பேசின மாசம் சார்.” சொல்லிவிட்டு நிறுத்துவார். ஒரு இருமல்கூட வராது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை, ஏதோ நேர்த்திக்கடன்போல, அதைச் சொல்லாமல் விடமாட்டார். “பேசினால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பான், அவ்வளவுதானே? இதில் நகை எங்கே இருக்கிறது?” என்று ஆவுடையப்பன் டீக்கடையில் கேட்டார். உலகம்மாளும் அப்படித்தான் நினைத்தாள்.

பொதுவாக ஆவுடையப்பன் பேச்சிமுத்துவின் கட்சி. சென்னைச் சேனல்களின் காமெடி நிகழ்ச்சிகளை அவருக்குப் பிடிக்காது. “நாலு நடுவர்கள் உட்கார்ந்து, மேடையில் ஒருத்தன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மேசையைத் தட்டிச் சிரித்து முடித்துவிடுகிறார்கள். சமையல்காரனே சாப்பிட்டுவிட்டுப் போன பந்தி. மிச்சத்துக்குப் பதிவு செய்த சிரிப்பை ஊற்றுகிறார்கள். பேச்சிமுத்து ஒருத்தன்தான் சொல்லிவிட்டு நிறுத்துகிறான், வே. நிறுத்திக் காத்திருக்கிறான். சிரிப்பு வந்தால் சாப்பாடு, வராவிட்டால் பட்டினி. அந்தக் காத்திருப்புக்குத் தைரியம் வேண்டும்.” டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சேர்ப்பார்: “பழைய இலக்கணக்காரன் மெய்ப்பாடு எட்டு என்று வரிசை போட்டபோது நகையை முதலில் வைத்தான், அடுத்ததாக அழுகையை. நடுவில் வேறெதையும் வைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சுவர்.”

அதிசயத்துக்கும் தேய்மானம் உண்டு. இறந்தவர்களிடம் ஒரு குறை, அவர்களுக்குப் புதிதாக எதுவும் நடப்பதில்லை. பாடையில் சரிந்து போனதுதான் பேச்சிமுத்துவுக்கு நடந்த கடைசிச் செய்தி. அதற்குப் பிறகு தேர்தல் வந்து போனது, அவர் பழைய சேர்மனையே கிண்டல் செய்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டைத் தென்கரைக்கு மாற்றினார்கள், அவர் பழைய பஸ் ஸ்டாண்டின் நாற்றத்தைப் பற்றியே பேசினார். முதலில் ஊர் பெரிய மனது பண்ணிச் சிரித்தது. அப்புறம் மரியாதைக்குச் சிரித்தது. அப்புறம், “சொன்னதையே சொல்லுதாரு,” என்றது. “செத்தா என்ன, கொஞ்சம் ரெடி பண்ணிக்கிட்டு வரக்கூடாதா?” என்று மச்சினனே சொன்னான். வேன்கள் நின்றன. எட்டரை மணியைச் சிறுவர் பாட்டுப் போட்டிக்குக் கொடுத்துவிட்டு, அவரைச் சாயங்காலம் நாலரைக்கு, காய்கறி விலை நிலவரத்துக்கு அடுத்தாற்போல் போட்டார்கள். ஆவுடையப்பனும் அந்த நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார்.

உலகம்மாள் மட்டும் பார்த்தாள். தினமும் நாலரைக்கு டிவி முன்னால், அந்த முகத்தோடு உட்கார்ந்தாள். யாருமில்லாத வீட்டிலும் அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கமாட்டாள் என்கிற ஒரே கம்பத்தில்தான் அவருடைய மொத்தப் பேச்சும் கட்டியிருந்தது. அது சாய்ந்தால் அவருக்கு அந்த மேசையில் சொல்ல எதுவும் இருக்காது. சொல்ல எதுவும் இல்லாத பேச்சிமுத்து எதற்காக வருவார்? ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டாள். எடுபடாமல் போனாலும் கண்ணெதிரே இருந்தாரே.

ஆனால் ஜோக்குக்கும் ஜோக்குக்கும் நடுவே அவர் காத்திருந்தார். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை நீட்டி, வெறும் குடோனில் மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அடுத்ததைத் தொடங்குவார். உயிரோடு இருந்தபோது அவர் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். என்றைக்காவது ஒரு ஜோக் எடுபடாமல் விழுந்துவிட்டால் ராத்திரி சோறு இறங்காமல் தட்டை நகர்த்தி வைப்பார். இப்போது தினமும் விழுந்தது. நகர்த்தி வைக்க அவருக்குத் தட்டும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கோமதிநாயகம் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காராமல் நின்றார்.

“மதினி, தப்பா நினைக்கக்கூடாது. ஸ்டூடியோவ மொபைல் கடைக்கு வாடகைக்குக் கேக்காங்க.”

“கொடுங்க.”

“எப்படிக் கொடுக்க? நேத்து கேமராவ அணைச்சிப் பார்த்தோம். டிவியையும் அணைச்சோம். ஸ்பீக்கர்ல சத்தம் வருது. வயரப் பிடுங்கினோம், அப்பவும் வருது. ஒரு ஜோக் சொல்லுதாரு. நிறுத்துதாரு. இருட்டுக்குள்ள அப்படியே காத்துக்கிட்டு இருக்காரு, மதினி.” அவர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “போறும் அண்ணாச்சின்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல. நீங்க சொன்னாக் கேப்பாரு.”

“இதுவரைக்கும் நான் சொல்லி எதக் கேட்டாரு?”

கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்து, அந்த முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

“நாளைக்கு வாரேன்,” என்றாள் உலகம்மாள்.

அவள் அந்த ஸ்டூடியோவுக்குள் போனதே இல்லை. பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள். ஒன்றை உருவியெடுத்து முன்வரிசை என்று எதுவும் இல்லாத இடத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கூடவே வந்த ஜெபராணி வாசலிலேயே நின்றாள். கோமதிநாயகம் கேமராவைப் போட்டார். வெறும் நாற்காலி, மேசை, தண்ணீர்த் தம்ளர். பக்கத்து டிவியில் அதே நாற்காலியில் பேச்சிமுத்து, கோட்டின் பொத்தானைத் தடவிக்கொண்டு.

பழைய சேர்மன் வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு வந்தது. நின்றார், காத்திருந்தார், மின்விசிறி சுற்றியது. உலகம்மாள் சேலைத் தலைப்பை மடியில் சுருட்டிக்கொண்டாள். போதும் வாங்க என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாய் வரவில்லை.

“சின்ன வெங்காயம் உரிக்கிறவன் அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க,” என்றார் பேச்சிமுத்து. “எங்க மாமனார் செத்தன்னைக்கு நான் ரெண்டு கிலோ உரிச்சேன். மாப்பிள்ளைக்குத்தான் எவ்வளவு பாசம்னு ஊரே பேசிச்சு. மறுநாள் பார்த்தா, மாமியா அஞ்சு கிலோவ எடுத்து என் முன்னால வைக்கா.”

இதை முதன்முதலாக அவர் அடுக்களை நிலைப்படியில் சொன்னபோது தண்ணீர் தொட்டியே காலியாகிற அளவுக்கு அவள் குழாயைத் திறந்து வைத்திருந்தாள். இப்போதும் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, விலாவைத் தாண்டி, தோளுக்கு வந்தது. அவள் குனிந்தாள். அவளைக் கேட்காமலே வலது கை முன்னால் நீண்டு, காற்றில் எதையோ பிடித்து, இடப்பக்கமாகத் திருகியது.

அங்கே குழாய் இல்லை.

டிவிக்குள் பேச்சிமுத்து பேச்சை நிறுத்தினார். சிரிப்புக்காக நிறுத்துகிற நிறுத்தம் அல்ல அது. காற்றைத் திருகிய அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையில் முழங்கையை ஊன்றி, ஊருக்குப் பேசுகிற குரலை விட்டுவிட்டு, வெங்காயத்திடம் பேசுகிற குரலில் சொன்னார்:

“தண்ணி மீட்டர் பார்க்க வந்தவரு கேட்டாரு. வீட்டுல எத்தன பேரு? ரெண்டு பேரு சார். ரெண்டு பேருக்கா இவ்வளவு தண்ணி?” அவர் ஒரு கணம் விட்டார். “அது நான் நல்லாப் பேசின மாசம் சார்.”

உலகம்மாள் கை காற்றிலேயே நின்றது.

ஒவ்வொரு காலையும் அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் திறந்த ஜோக்கை மேசைக்கு எடுத்துப்போனார், திறக்காததை வெங்காயத் தோலோடு குப்பையில் போட்டார். ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு சிரிப்பும் அந்தக் குழாய்க்குள் ஒருமுறை நனைந்துதான் போயிருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை அவரால். சொன்னால் அவள் குழாயைத் திறக்க மாட்டாள். அதனால் வருடத்துக்கு ஒருமுறை, ஊரே முழித்தாலும் பரவாயில்லை என்று, ஊர் முன்னால் சொன்னார்.

இப்போது அவளுக்குத் தெரிந்தது. தான் சிரித்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. டிவியில் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை நீட்டி, காத்திருந்தார்.

அவரைப் பட்டினி போட அவளால் ஆகவில்லை.

உலகம்மாள் சிரித்தாள். அது அழகான சிரிப்பு அல்ல. எத்தனையோ வருடம் தண்ணீருக்கடியில் வளர்ந்தது. ஒரு குதிரை கனைப்பதுபோலத் தொடங்கி, மூச்சு முட்டி, மறுபடி பீறிட்டு, குடோன் தகரத்தில் முட்டித் திரும்பி வந்தது. கோமதிநாயகம் கேமராவிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஜெபராணி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள். டிவியில் பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு அதை முழுசாகக் கேட்டார். பாதியில் எதுவும் பேசவில்லை. அது அடங்கும்வரை பொறுத்திருந்து, அடங்கின பிறகு, கை நீட்டித் தம்ளரை எடுத்து, தண்ணீரை மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“போதும்,” என்றார், நிகழ்ச்சி முடிவில் எப்போதும் சொல்வதைப்போல. “வீட்டுக்குப் போங்க. அடுப்ப அணைச்சிட்டுப் படுங்க.”

அப்புறம் டிவியிலும் வெறும் நாற்காலிதான் இருந்தது. மேசைமேல் நிஜத் தம்ளர் காலியாக இருந்தது.

உலகம்மாள் எழுந்து, தான் உட்கார்ந்த நாற்காலியை மறுபடி அடுக்கில் சொருகினாள். வழியில் யாரோடும் பேசாமல், வெயில் தாழ்ந்த தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தாள். அன்று தண்ணீர் வருகிற நாள். மாடித் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அடுக்களைக்குள் போய்ப் பாத்திரம் விளக்குகிற இடத்தில் நின்றாள். நிலைப்படிக்கு முதுகு காட்டி நின்றாள். அவர் செத்த அன்று திரும்பி இறங்கிப் போனது, இப்போது மெல்ல ஏறி வந்தது. விலாவைத் தாண்டியது. தோளுக்கு வந்தது. கை தானாகக் குழாய்க்குப் போனது.

குழாயில் கையை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

மூடிய குழாயின் முன்னால் நின்று அவள் அழுதாள். பெரிய குரல். வடக்குத் தெருவின் கடைசி வீடுவரை கேட்டது. டீக்கடையில் ஆவுடையப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஜெபராணி, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவர்கள் கேட்பதுபோலவே, தெரிந்ததையே தெரியாததுபோலக் கேட்டாள்:

“எப்பக்கா?”

“இப்பத்தான்,” என்றாள் உலகம்மாள்.